இடது முன்கை

அறையில் இருந்தவர்கள்: அருங்காட்சியக இயக்குநர், வக்கீல், புகைப்படக்காரர், பெட்டி அறையைப் பார்த்துக்கொள்ளும் நான், மலையிலிருந்து வந்த அந்தப் பெண். பெட்டிக்குள் படுத்திருந்தவரையும் சேர்த்தால் ஆறு பேர்.

பெட்டியின் எண் 212.

அதில் இருப்பது அவளுடைய அண்ணன். காய்ச்சலில் செத்தவனைப் புதைத்த மூன்றாம் நாள், ஜீப்பில் வந்தவர்கள் தோண்டி எடுத்துப் போனார்கள். ஆராய்ச்சி என்று சொன்னார்களாம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது அறுபது.

அவனைத் திருப்பிக் கேட்டு அவளுடைய கூட்டத்தார் போட்ட வழக்கு பதினோரு வருடம் ஓடியது. போட்டவர்கள் அவளோடு சேர்த்து நான்கு பேர். மற்ற மூன்று பேரும் தீர்ப்பு வரும்வரை உயிரோடு இல்லை.

பெட்டி அறையில் வெளிச்சம் கூடாது என்பது விதி. வேலை முடிந்தால் விளக்கு எரியக் கூடாது. அன்று விருந்தாளிகள் வந்திருந்ததால் நான்கு விளக்குகளும் எரிந்தன.

இந்தக் கட்டடத்திலேயே லீவு கேட்காதவர்கள் இந்த அறையில் இருப்பவர்கள்தான் என்றார் இயக்குநர். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் அது.

அவள் சிரிக்கவில்லை. மூடியைத் திறக்கச் சொன்னாள்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறப்பது வழக்கம். வக்கீல் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். திறந்தேன். திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்து அடுக்கில் சாய்ந்து நின்றேன்.

அவள் உள்ளே பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். இடது பக்கம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எலும்பைத் தடவினாள். மறுபடியும் தடவினாள். மூன்றாவது முறை மிகவும் மெதுவாக.

"இது அண்ணன் இல்ல."

சின்ன வயதில் அவள் ஒரு மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதிருக்கிறாள். இறக்கப் போன அண்ணன் விழுந்ததில் இடது முன்கை ஒடிந்தது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டியும் கோணலாகத்தான் கூடியது. அந்தக் கோணலுக்குள் அவள் தலை சரியாக உட்காருமாம். அப்படித்தான் தினமும் தூங்கினாளாம். இந்தக் கை நேராக இருக்கிறது என்றாள்.

இயக்குநர் என் பக்கம் திரும்பி, எண் சரிதானா என்று கேட்டார்.

பெட்டியில் கட்டியிருந்த சீட்டில் இருப்பது என் கையெழுத்து.

சரிதான் சார் என்றேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் இந்த அறையில் குழாய் உடைந்தது. ஒழுகுகிறது, ஆளை வைத்துப் பார் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. கீழ் அடுக்கில் பதினோரு பெட்டிகள் ஊறிப்போயின, சீட்டுகள் கரைந்துபோயின. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகத் தரையில் பரப்பிக் காயவைத்தேன். புதுப் பெட்டிகளில் போட்டு, பதிவேட்டில் இருந்த பதினோரு எண்களையும் சீட்டில் எழுதிக் கைக்கு வந்தபடி கட்டி, நடு அடுக்கில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்.

தீர்ப்பில் 212 என்றுதான் இருக்கிறது என்று இயக்குநர் விளக்கினார். வேண்டாம் என்றால் பெட்டி அடுக்குக்குத் திரும்பிவிடும், கோப்பு மூடப்படும், இனிக் கேட்க முடியாது.

வக்கீல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். இந்த வழக்கில் ஒரு பைசா வாங்கியதில்லை.

"உங்களுக்காக மட்டும் இல்லம்மா. உங்களை மாதிரி நாப்பது கூட்டம், உலகம் பூரா, இந்தத் தீர்ப்பை நம்பி உக்காந்திருக்கு. இப்பப் போயி இல்லைன்னு சொன்னா அவங்க எல்லார் வாயிலயும் மண்ணுதான்."

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவரு யாரு?"

புகைப்படக்காரர் மூக்கைச் சிந்தினார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. இந்த அறையில் உள்ள எதன் மீதும் எங்கள் கூட்டத்துக்கு இனி உரிமை இல்லை என்ற வரிக்குக் கீழே.

புகைப்படக்காரர் அவளை மூடிமேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். வக்கீல் ஒரு பக்கம், இயக்குநர் ஒரு பக்கம். நான்கு படங்கள். கடைசிப் படத்தில் அழுதால் நன்றாக இருக்கும் என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை.

வக்கீலும் இயக்குநரும் பேசிக்கொண்டே போனார்கள். புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடினார். பெட்டியை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். யார் வீட்டுப் பிள்ளையோ, இங்கே விட்டுப் போக மனசு வரவில்லை என்று தனக்குத்தானே சொன்னாள்.

வாசற்படியில் நின்று திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த அடுக்குகளைப் பார்த்தாள்.

"தம்பி, எங்க அண்ணனுக்கு இருட்டுன்னா பயம். லைட்டை மட்டும் அணைச்சுராதீங்க."

சரிக்கா என்றேன்.

குழாய் உடைந்த அன்று ஈரம் துடைத்ததில் ஒரே ஒரு இடது முன்கை மட்டும் கோணலாக இருந்தது. கையில் பிடித்தபோது அரிவாள் பிடி மாதிரி இருந்ததால் மறக்கவில்லை. அதை 219 என்று கட்டினேன். இவ்வளவு நேரமும் நான் முதுகைச் சாய்த்து நின்றது அந்தப் பெட்டியில்தான்.

அவள் நடைவழியின் முனையைக்கூடத் தாண்டவில்லை.

நான்கு விளக்குகளையும் அணைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவள் நடை ஒரு நொடி நின்றது, பிறகு தொடர்ந்தது.

பூட்டினேன். வழக்கம்போல் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.