அசல் விஷம்

"த்தூ! இதெல்லாம் ஒரு விஷமா?" அம்பு விஷம் விற்கும் முன்யாவோவின் வாசலில் நின்று கத்தினான் கித்தோமே. "நேத்து ராத்திரி இருட்டுல வந்த ஆட்டுத் திருடன் தொடையில அம்பு சரியாப் பாய்ஞ்சுது. சாகாம மான் மாதிரி ஓடிட்டான்!"

மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்த முன்யாவோ எழவேயில்லை.

"ஏமாத்துக்காரன்னு கிட்டுயி சந்தை முழுக்கச் சொல்றேன் பாரு!" கித்தோமே போய்விட்டான்.

முன்யாவோவின் மனைவி சியோம்புவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலியோரம் விஷச்செடி வளர்த்து, அதன் கட்டையைச் சீவி, கண்ணெரியக் காய்ச்சியவள் அவள். "நம்ம விஷம் யானையவே சாய்க்கும். அவன் காறித் துப்பிட்டுப் போறான், நீ கல்லு மாதிரி உக்காந்திருக்கியே!"

"கத்தாதடி. அவனுக்குக் குடுத்தது வெறும் கரியும் பிசினும்."

"ஏன்யா?"

முன்யாவோ போர்வையை விலக்கினான். தொடையில் கட்டியிருந்த துணி ரத்தத்தில் ஊறியிருந்தது.

"அசலைக் குடுத்திருந்தா, இப்ப இப்படி உக்காந்திருப்பேனா?"