நாலாம் நம்பர் மெஷின்

"நாலாம் நம்பர் இன்னிக்கும் எழுந்திருக்கல!"

காமேஸ்வரி மேடத்தின் குரல் கேட்டதும், நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் உமேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் டேட்டா என்ட்ரி ஆபீஸ் அது. பன்னிரண்டு மெஷின்கள். எதற்கும் சொந்தப் புத்தி கிடையாது. காலை ஒன்பதுக்கு சுவிட்சைப் போட்டதும், 'என் பேர் என்ன, விலாசம் என்ன, என்ன வேலை?' என்று சர்வரைக் கேட்கும். சர்வர் தன் பட்டியலைப் பார்த்து அதனதன் செட்டிங்கை அனுப்பினால்தான் எழுந்திருக்கும்.

நாலாம் நம்பர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. சர்வர் வாயே திறக்கவில்லை.

"பதினோரு மெஷினுக்கு வர்ற செட்டிங், இதுக்கு மட்டும் ஏம்பா வரல? ஒரு வாரமா இதே கதை."

"பாக்கறேன் மேடம்."

"என்னத்தப் பாத்த? சென்னை ஹெட் ஆபீஸ்ல என்னைக் கேக்கறாங்க. நீ சரிப்பட்டு வரமாட்டே."

ஒன்பது இருபத்தைந்துக்கு, கீழ்பென்னாத்தூர் சந்திரகலா மூச்சிரைக்க ஓடிவந்து நாலாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தாள். இருண்ட திரையைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

மெஷினில் பெயரைப் போட்டு நுழையும் நேரம்தான் சென்னைக்குப் போகும். மாதத்தில் மூன்று லேட் என்றால் வேலை காலி. மெஷின் கோளாறு என்றால் மட்டும் லேட்டில் சேராது. அவளுக்கு இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு லேட்.

"அண்ணாமலையாரே, இன்னிக்கும் காப்பாத்திட்டே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு பக்கத்து சீட் நந்தினியிடம், "இந்த உமேஷுக்கு சத்தியமா வேலை தெரியலடி" என்று சிரித்தாள்.

உமேஷ் காதிலும் விழுந்தது. கேட்காத மாதிரி போய்விட்டான்.

சரியாக ஒன்பதரைக்கு, ஒருத்தரும் தொடாமலே மெஷின் எழுந்தது. மேடத்துக்கு அது உறுத்தியது. நேரே சர்வர் ரூமுக்குப் போய்த் திரையைப் பார்த்தார். பட்டியலில் நாலாம் நம்பரின் வரி தினமும் சாயங்காலம் மறைந்து, காலை ஒன்பதரைக்குத் திரும்பி வரும்படி நேரம் குறிக்கப்பட்டிருந்தது.

"இது யார் வேலை?"

பின்னாலேயே வந்திருந்த உமேஷ், கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"நான்தான் மேடம். அந்தக்கா பிள்ளையை ஸ்கூல் வேன்ல ஏத்திட்டு, ரெண்டு பஸ் மாறி வராங்க. எவ்ளோ ஓடினாலும் ஒன்பதுக்கு வர முடியல. விட்டுப்போன வேலையை சாப்பாட்டு நேரத்துல உக்காந்து முடிச்சிடறாங்க."

"நீதான் பண்றேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வேலை தெரியாதவன்னு பேரு உனக்கு."

"பேருதானே மேடம்."

மேடம் கார்டை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார்.

"நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம்னு பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. ஒன்பதரை பத்தாது. பத்துன்னு மாத்து."