'தண்ணீர் லாரி' என்ற பெயரில்

மூன்றாவது தடவையும் திரையில் அதே பெட்டிதான் வந்து நின்றது.

'முகவரிப் புத்தகத்தைத் திறக்க இயலவில்லை.'

அவர் இடது கையால் மவுசைத் தள்ளினார். அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடி மறைந்தது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

பக்கவாதம் வந்து இருபத்தாறு நாள். நடை கொஞ்சம் திரும்பியிருந்தது. பேச்சு திரும்பவில்லை. மனசுக்குள் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வாய்க்கு வரும்போது குழறிப்போனது. எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்துகளும் இடம் மாறி நின்றன.

போத்தனூரில் முப்பத்துநாலு வருஷம் ரயில்வே சிக்னல் பார்த்தவர். எங்கே கோளாறு என்று மற்றவர்கள் அவரிடம்தான் வந்து கேட்பார்கள்.

"யாருக்குங்க மெயில் போடோணும்?" மனைவி வசந்தாமணி நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டாள். "உங்கண்ணனுக்குங்களா?"

தலையை ஆட்டினார். இல்லை.

"பென்ஷன் ஆபீசுக்குங்களா?"

இல்லை.

"அப்புறம் யாருக்குத்தானுங்க?"

திரையைக் காட்டினார். புத்தகம் திறந்தால் போதும். விரலை வைத்துக் காட்டிவிடுவார்.

சுகந்தியின் முகவரி அதற்குள் இருந்தது.

மகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மஸ்கட் போனவள். இந்த வீட்டில் இனி அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். போன வருஷம் அவளிடமிருந்து ஒரு மெயில் வந்தது. படித்தார். அழித்தார். அழிப்பதற்கு முன்னால் முகவரியை மட்டும் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டார். மனைவியின் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, பெயர் கேட்ட இடத்தில் 'தண்ணீர் லாரி' என்று போட்டார்.

அந்த முகவரிக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை.

எப்போதாவது திறந்து பார்ப்பார். இருக்கும். மூடிவிடுவார்.

பதினொரு மணிக்குக் கந்தவேல் வந்தார். தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக வந்து உட்கார்ந்தார். புரோகிராமை மூடித் திறந்தார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார். பெட்டி திரும்பவும் வந்தது. எங்கெங்கோ நுழைந்து கடைசியில் ஒரு ஃபைலைக் கண்டுபிடித்தார்.

"புக்கு இருக்குதுங்க. உள்ள ஒண்ணுமில்லீங்க. கரண்ட் போயிப் போயி வந்ததுல அடிபட்டிருக்கும்." அவர் பக்கம் திரும்பினார். "காப்பி ஏதாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களாய்யா?"

இல்லை.

"பழைய மெயில்ல தேடிப் பாக்கலாமுங்க. யாரு பேருங்க?"

அவர் வாயைத் திறந்தார். சுகந்தி என்றார்.

அவர் காதிலேயே அது வேறு ஏதோ சத்தமாக விழுந்தது.

கந்தவேல் வசந்தாமணியைப் பார்த்தார். அவளும் கையை விரித்தாள். இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவையை விட மோசமாக வந்தது.

"பரவால்லீங்கய்யா. பழசத் தூக்கிட்டுப் புதுசா ஒண்ணு வெச்சுக் குடுத்தர்றனுங்க."

வேண்டாம்.

அவர் இடது கையை நீட்டினார். கந்தவேலின் மணிக்கட்டு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை மேசை விளிம்பில் இடித்து நின்றது. அதற்குள் க்ளிக் சத்தம் கேட்டுவிட்டது.

பெட்டி வரவில்லை. புத்தகம் பளிச்சென்று திறந்தது.

"பாத்தீங்களா? இப்ப ஜோரா வேல செய்யுது!" கந்தவேல் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

பெயர் என்று ஒரு கட்டம். முகவரி என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே கடைசிவரை வெள்ளை.

அவர் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அழாதவர். வாய் கோணிக்கொண்டு வந்தது. கண்ணீர் வலது கன்னத்தில் இறங்கியது அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை.

கந்தவேலை வழியனுப்பிவிட்டு வந்த வசந்தாமணி வாசலிலேயே நின்றாள். பிறகு துண்டை எடுத்து வந்து துடைத்தாள். துடைத்த பிறகும் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இந்த மனிதர் இதற்காக அழுவாரா என்று பார்ப்பது போலிருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தூசி தட்டுவதற்கு அல்லாமல் அவள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டு அவர் பார்த்ததில்லை.

முகவரிக் கட்டத்தில் ஒற்றை விரலால் அடித்தாள். மெதுவாகத்தான். ஆனால் எங்கும் நிற்கவில்லை. காகிதம் எதையும் பார்க்கவில்லை.

சுகந்தியின் பெயர் ஆங்கிலத்தில் வந்தது. அதை ஒட்டி நாலு எண்கள் வந்தன.

எண்களும் சரி.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். எத்தனை வருஷமாக என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தார்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பேத்திக்கு ஆறு வயசாச்சுங்க."

அவர் இடது கையை மேசைமேல் வைத்து விரித்தார். ஐந்து விரல். அதற்கு மேல் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.