நான்கு திருகாணிகள்

பழுது பார்க்கும் மேசையில் கணினியின் பக்கத் தகடு கழன்று வருகிறது. விளக்கின் வெள்ளை ஒளி உள்ளே விழ, பெரியவர் கைத்தடியை ஊன்றிக் குனிகிறார். ஹார்ட் டிஸ்க் இருக்கவேண்டிய இடம் காலி. அதன் ஒயர் மட்டும் தொங்கி ஆடுகிறது. வீட்டை மகளுக்கு எழுதிவைத்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு மாதமாக அவர் தட்டச்சு செய்த உயில் அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. "பாத்தியாம்மா? போன வாரம் ரிப்பேருக்கு உங்கிட்ட குடுத்தப்போ இருந்துச்சு. எங்க வீட்டுல எவனும் சொல்லாம ஒரு துரும்பை எடுக்கமாட்டான்." கடைக்காரப் பெண் தகட்டைத் திருப்புகிறாள். அதன் உட்புறத்தில், நீல நாடாவுக்கு அடியில், டிஸ்கைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகள் ஒரே வரிசையில் ஒட்டியிருக்கின்றன. பக்கத்தில் பென்சிலால் எண்கள். "நாங்க ஸ்க்ரூவைக் கிண்ணத்துல கொட்டுவோங்கய்யா. இப்படி நம்பர் போட்டு ஒட்ட இங்க யாருக்குப் பொறுமை?" அடுத்த மேசையில் ஏதோ ஒரு கணினி 'பீப்' என்று உயிர்பெறுகிறது. பெரியவரின் விரல் அந்த எண்களைத் தடவுகிறது. மின்விசிறியோ சுவர்க்கடிகாரமோ, மூத்த மகன் எதைக் கழற்றினாலும் திருகாணிகள் இப்படித்தான் ஒட்டியிருக்கும். வந்தவர் போனவருக்கெல்லாம் அவரே காட்டிப் பூரித்த பழக்கம். "யாருங்கய்யா கழட்டினது?" அவர் முதுகை நிமிர்த்துகிறார். "நான்தாம்மா. வயசாச்சு, மறந்துட்டேன். உன்னைச் சொன்னது தப்பு. மூடிடு." அவள் திருப்புளியை எடுப்பதற்குள் தகட்டை அவரே வாங்கிக்கொள்கிறார். உள்ளங்கை நீல நாடாவை முழுக்க மறைக்கிறது.