நாரிஸ் போடாத கையெழுத்து

நாரிஸ் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் பழைய பட்டாளத்துக்காரர்கள் கிளப்பில், மலேயா போய் வந்தவர்கள் என்று ஏழு பேர். மற்ற ஆறு பேரும் மனுவில் போட்டாயிற்று. அவர்களில் அதை எழுதிய எட்கர் மறுபடியும் மனுவைத் தூக்கிக்கொண்டு நாரிஸ் மேஜைக்குப் போனார். நாரிஸ் சிப்ஸ் தின்றுகொண்டே, "கையெல்லாம் எண்ணெய்டா, பேப்பர் வீணாயிடும்" என்றார்.

விஷயம் இதுதான். இருபது வயசில் மலேயா காட்டில் துப்பாக்கியோடு அலைந்தவர்களுக்கு, தலை நரைத்துப் பல் போன பிறகு மலேசியா ஒரு பதக்கம் கொடுத்தது. லண்டனில் உட்கார்ந்திருப்பவர்கள், வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கோட்டில் குத்தக் கூடாது என்றுவிட்டார்கள். வேறு நாட்டுப் பதக்கமாம். தபாலில் வந்த பெட்டி அப்படியே அலமாரிக்குள் போய்விட்டது.

எட்கருக்கு அது பொறுக்கவில்லை. சாவதற்குள், நவம்பரில் வரும் ஒரு நினைவு ஞாயிறிலாவது ஏழு பேரும் அதைக் குத்திக்கொண்டு, போரில் செத்தவர்களின் நினைவுத் தூண் முன்னால் நிற்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்காக எம்.பி. வாசலில் காத்துக் கிடந்தார். சந்தையில் மழையில் மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினார். முழங்கால் போனதுதான் மிச்சம்.

ஏழு பேரில் ஒருவரான சிரில் எல்லா இடத்துக்கும் கூடவே போவார். கிளப்பில் எல்லாருக்கும் செல்லம் அவர்தான். அட்டை கடித்த கதை, லாரிக்கு அடியில் மலைப்பாம்பு படுத்திருந்த கதை என்று ஆரம்பித்தால், பீர் ஊற்றுகிற பெண்கூட வேலையை விட்டுவிட்டுக் கேட்பாள். நாரிஸும் விழுந்து விழுந்து சிரிப்பார். அதற்கெல்லாம் குறைச்சல் இல்லை. மனு என்றால் மட்டும் காது கேட்காது.

எட்கர் தன்னால் முடிந்த தண்டனையைக் கொடுத்தார். கிளப்பில் ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் பீர் வாங்குவது வழக்கம். எட்கர் முறை வந்தால் நாரிஸுக்கு மட்டும் கிளாஸ் வராது. அந்த ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நாரிஸ் பாட்டுக்கு எழுந்துபோய்த் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார். மூஞ்சியில் ஒரு கோபம் வேண்டுமே, ம்ஹூம்.

ஒருவழியாக அனுமதி வந்துவிட்டது. குத்திக்கொள்ளலாம்.

எட்கர் அழுதே விட்டார். கிளப்பில் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பையும் பட்டாணி மசியலும் பரிமாறினார்கள். நாரிஸும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சந்தோஷம்பா. ஆனா நான் குத்திக்க மாட்டேன்."

ஏன் என்று கேட்டால், இத்தனை வருஷம் காக்க வைத்துவிட்டு இப்போது போடுகிற பிச்சை தனக்கு வேண்டாமாம்.

"ஒரு கையெழுத்து போடத் துப்பில்ல, இப்போ ரோஷம் வருதா உனக்கு?" என்றார் எட்கர்.

எல்லாரும் கையைத் தட்டினார்கள். சிரில் மட்டும் தட்டவில்லை. "நாரிஸ் சொல்றதும் சரிதான். நானும் குத்திக்கல" என்றார்.

எட்கர் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

நினைவு ஞாயிறு வந்தது. குளிர். தூண் முன்னால் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். ஐந்து கோட்டில் புதுப் பதக்கம். நாரிஸும் சிரிலும் அன்று எல்லாரும் குத்திக்கொள்கிற சிவப்புக் காகிதப் பூவோடு மட்டும் நின்றார்கள். பத்திரிகைப் படக்காரன் அந்த இரண்டு பேரையும் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னான். இதற்காகவா இத்தனை வருஷம் அலைந்தோம் என்று இருந்தது எட்கருக்கு.

கிளப்புக்குத் திரும்பியதும், கோட்டு மாட்டுகிற அறையில் நாரிஸை மடக்கினார்.

"நீ குத்து, குத்தாம நாசமாப் போ. அது உன் இஷ்டம். சிரில எதுக்குடா கெடுத்த? எவ்ளோ ஆசையா என்கூட அலைஞ்சான் தெரியுமா?"

"கதவச் சாத்து" என்றார் நாரிஸ்.

எட்கர் சாத்தினார்.

"அவன்கிட்ட மெடல் இல்ல."

"இல்லையா? எழுதிப் போட்டா வந்துருமே. நான் வாங்கித் தரேன்."

"வராது. அவன் மலேயாவுல காலே வைக்கலடா. நானும் அவனும் ஒரே கப்பல். வழியில அவனுக்குக் குடல்வால் வெடிச்சு, ஏடன் துறைமுகத்துல இறக்கிட்டாங்க. அப்படியே ஊருக்கு அனுப்பிட்டாங்க. இங்க வந்தா, மலேயா வீரன் வந்துட்டான்னு தெருவே கட்டிப் புடிச்சிருக்கு. பாவம், இல்லன்னு சொல்ல அவனுக்கு வாய் வரல."

எட்கர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ அந்த மலைப்பாம்பு?"

"அது என் லாரி. நான்தான் சொல்லிக் குடுத்தேன். என்னைவிட அவன் நல்லா சொல்றான்."

உள்ளே சிரில் என்னவோ சொல்ல, கூட்டம் சிரிப்பது கேட்டது. எட்கரின் கை தானாகத் தன் பதக்கத்தின் ஊக்குக்குப் போயிற்று. நாரிஸ் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நீ சம்பாதிச்சது, நீ குத்திக்கோ. குத்தக் கூடாதுன்னு இருந்த வரைக்கும் எல்லார் கோட்டும் ஒண்ணுபோல இருந்துச்சு எட்கர். இனிமே அவன் கோட்டுக்குத் துணையா ஒரு கோட்டாவது காலியா இருக்க வேணாமா?"