சூப்பில் கலந்தது

மூக்கிலிருந்து ரத்தம் வரத் தொடங்கி நாற்பது நிமிடமாகிவிட்டது. மூன்றாவது துண்டும் நனைந்துவிட்டது.

அவசரப் பிரிவு டாக்டர் என் கணவரைக் குனிந்து உட்காரவைத்து மூக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்த நிலையிலும் மனிதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர் அவர். அங்கே தினமும் பார்க்கிற ரத்தத்தில் இது கால்வாசிகூட இல்லை என்று நர்ஸிடம் அளந்துகொண்டிருந்தார்.

நான் நான்காவது துண்டை மடித்து நீட்டினேன்.

ஆறு மாதத்துக்கு முன் இவருக்கு இதய வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் நிற்காமல் கொட்டும். கத்தி மேல் நடக்கிற பிழைப்பு.

புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

இல்லை என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு இவர் வெளுத்துப் போயிருந்தார். சிவப்புக் கடல்பாசியில் இரும்புச்சத்து, புரதம், இன்னும் என்னென்னவோ இருப்பதாகக் கடையில் ஒரு பாக்கெட்டில் போட்டிருந்தது. ஆனால் நாளெல்லாம் மீனோடு கிடப்பவர், கடலில் விளைந்த எதையும் வீட்டுக்குள் விடமாட்டார். அதனால் பொடியாக அரைத்து, தினமும் சூப்பில் ஒரு ஸ்பூன், இவருக்குத் தெரியாமல். இரண்டு மாதத்தில் முகத்தில் களை வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் இதய டாக்டரிடம் பரிசோதனைக்குப் போனோம். ரத்தம் சீக்கிரம் உறைகிறதென்று மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். நான் அப்போது மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தேன். வீட்டுக்கு வந்துதான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று எறும்பு எழுத்தில் இருந்தது.

யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் விடவில்லை. சத்துப்பொடி, கீரை, நாட்டு மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் துண்டுக்குள்ளிருந்து பேசினார்.

“அவள ஏன் டாக்டர் மெரட்டுறீங்க? தெனமும் சூப்புல கடல்பாசிப் பொடி போடுறா. எங்க டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன். அது மருந்தோட வேகத்தக் கொறைக்குமாம், அதான் மாத்திரையக் கூட்டினாரு. ஒருநாள்கூட நிறுத்தக் கூடாதுன்னும் சொன்னாரு.”

முதல் வாரத்திலேயே இவருக்குத் தெரியுமாம். என் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாராம். இப்போது இரண்டு வாரமாக, வாசனையே தெரியாமல் கலக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நர்ஸிடம் என்னைப் புகழ்ந்தார்.

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்: கடல்பாசிப் பொடி, தினமும்.

பேனா பிடித்திருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எழுதாதீங்க டாக்டர். மாத்திரையக் கூட்டின அன்னைக்கே பயந்துபோய் பொடி எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டேன். ரெண்டு வாரமா இவர் குடிக்கிறது வெறும் பீட்ரூட்.”