குதிரைவாலிக்கு ரொட்டி

"மூணு நாளா ஆளையே காணோம். ஒரு போன் பண்ணக்கூடவா முடியாது?"

காலையிலேயே தேவிகா சிடுசிடுத்தாள். வீட்டு வேலைக்கு வரும் அன்னக்கொடி வரவில்லை. பாத்திரம் தேய்க்க ஆளில்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குதிரைவாலிச் சோறும் வரவில்லையே, அதுதான் பெரிய கவலை.

போன தீபாவளி முடிந்த கையோடு தேவிகா எடையைக் குறைக்கக் கிளம்பினாள். "மொதல்ல பிரெட்டை நிறுத்துங்க. கம்பு, கேப்பை, குதிரைவாலின்னு மாறுங்க" என்று டயட்டீஷியன் சொல்லிவிட்டார். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வந்து களி கிண்டினாள், கஞ்சி காய்ச்சினாள். ஒன்றும் வாயில் வைக்க விளங்கவில்லை.

அப்போதுதான் அன்னக்கொடியின் மதியச் சாப்பாட்டு டப்பா கண்ணில் பட்டது.

"என்னது, உப்புமாவா?"

"குதிரைவாலிச் சோறுக்கா. எழுமலையில எங்கண்ணே காட்டுல வெளஞ்சது."

ஒரு வாய் தின்று பார்க்கிறேன் என்று வாங்கிய தேவிகா, டப்பாவைக் காலி பண்ணித்தான் கொடுத்தாள்.

"நாளையிலருந்து எனக்கும் சாருக்கும் சேத்துக் கொண்டு வந்துரு."

"அக்கா, அது கொஞ்சந்தேன் இருக்கு. வீட்டுல அவுகளுக்கு..."

"அட, சும்மாவா கேக்கறேன்? இங்க பிரெட் தினமும் வீணாப் போகுது. நீ எடுத்துட்டுப் போ. அவருக்கும் குடு, ஆசையாச் சாப்பிடுவாரு."

பிரெட் வீணாவது உண்மைதான். தேவிகாவின் கொழுந்தன் பேக்கரி வைத்திருந்தான். தினமும் ஒரு ரொட்டி வீடு தேடி வந்துவிடும். வேண்டாம் என்றால் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அன்னக்கொடி தலையாட்டினாள். அடிக்கடி லீவு போடுகிறாள் என்று ஏற்கெனவே வேறு வீடுகளில் நிறுத்திவிட்டார்கள். இருப்பது இந்த ஒரு வீடு.

காலையில் ரெண்டு டப்பா குதிரைவாலி வரும். சாயந்தரம் அதே டப்பாக்களில் ரொட்டி போகும். பிறத்தியார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது பிறந்த வீட்டில் கற்றுக்கொடுத்த வழக்கம். அதில் தேவிகா ரொம்பக் கண்டிப்பு.

ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுக்கும் அளவுக்கு தேவிகா இளைத்தாள். அபார்ட்மெண்ட் பெண்கள் ரகசியத்தைக் கேட்டு மொய்த்தார்கள்.

"பிரெட்டை விட்டேன், அம்புட்டுதான்! பாவம், அன்னக்கொடி வீட்டுக்கும் நல்லதாப் போச்சு. அவ புருஷன் தினமும் ராசா மாதிரி பிரெட் சாப்பிடறாராம்."

"உங்களுக்குப் பெரிய மனசு" என்றார்கள். தேவிகா மறுக்கவில்லை.

நாலாவது நாள் அன்னக்கொடியே கூப்பிட்டாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கோம். அவுகளுக்குக் கால்ல ஆப்ரேசன்..." அழுகையில் மிச்சம் கேட்கவில்லை.

'குடிச்சிட்டு எங்கயாவது விழுந்திருப்பான்' என்று நினைத்துக்கொண்டாள் தேவிகா. இருந்தாலும் போய்ப் பார்க்காவிட்டால் நன்றாயிருக்காது. எப்போது வேலைக்குத் திரும்புவாள் என்றும் கேட்க வேண்டும். கடைசி நாள் அன்னக்கொடி அவசரமாக ஓடியதில் அவள் டப்பாக்களும் இங்கேயே கிடந்தன. அன்றைக்கு வந்த ரொட்டியை அவற்றில் அடுக்கினாள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியுமா?

கட்டிலில் அன்னக்கொடியின் புருஷன் காளை கண்ணை மூடிக் கிடந்தார். வலது பாதம் முழுக்கக் கட்டு.

"ரெண்டு வெரல எடுத்துட்டாகக்கா. புண்ணு இன்னும் ஏறுனா பாதத்தையே எடுக்கணுமாம். இனி எப்புடி லோடு தூக்கப் போவாக?"

"அடப் பாவமே, எப்படி ஆச்சு?" என்றபடி தேவிகா டப்பாக்களைத் திறந்து ஸ்டூல்மேல் வைத்தாள்.

அந்த நேரம் டாக்டரம்மா வந்துவிட்டார். ஸ்டூலைப் பார்த்ததும் அன்னக்கொடி மேல் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? சுகர் எகிறிப் போய்த்தான் விரலையே எடுத்திருக்கோம். இங்கயும் பிரெட்டா? பிரெட், மைதா பக்கமே போகக் கூடாது, குதிரைவாலி, கம்புன்னு குடுன்னு போன வருஷமே சொன்னேன்ல?"

அன்னக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவருக்குன்னே அண்ணன் ஊர்லருந்து குதிரைவாலி அனுப்புறார்னு நீதான சொன்ன? தீபாவளி வரைக்கும் சுகர் கட்டுக்குள்ளதான இருந்துச்சு? அப்புறம் அதெல்லாம் எங்க போச்சு?"

'வீட்டுல அவுகளுக்கு' என்று அன்னக்கொடி பாதியில் நிறுத்தியது, இப்போது தேவிகாவுக்கு முழுசாக விளங்கியது.

அன்னக்கொடி டப்பாக்களைப் பார்த்தாள். தேவிகாவை மட்டும் பார்க்கவில்லை.

"தீந்து போச்சு டாக்டரம்மா. நாந்தேன் ரொட்டியக் குடுத்தேன். என் தப்புத்தேன்."

"தப்புன்னா போன விரல் வந்துருமா?"

டாக்டரம்மா தேவிகா பக்கம் திரும்பினார்.

"நீங்க இவங்க வேலை பாக்குற வீடா? பாத்தா படிச்சவங்களாத் தெரியுது. நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதாம்மா?"

அன்னக்கொடி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

தேவிகா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தனையோ தடவை சொல்லிட்டேன் டாக்டர். இவங்கெல்லாம் எங்க கேக்கறாங்க?"